தொடுவதற்கு முன்பே சொன்ன பதில்

ஆஸ்பத்திரிச் சுவரில் எங்கள் அறைக்கு எழுதியிருந்த பெயர் வேறு. ஜனங்கள் வைத்த பெயர் கரண்ட் ரூம். "கரண்ட் வெக்கிற பொண்ணு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். வாய் கோணிப்போனவர்கள், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், போலியோ வந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து குடவாசல் பஸ்ஸில் வந்திறங்கும் அம்மாக்கள். அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். "ஆடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று என் அப்பா வயது ஆட்களையே அதட்டுவேன். அவர்களும் பாவம், பயந்துகொண்டு ஆடாமல் படுத்திருப்பார்கள்.

ஒரு மரப்பெட்டி, இரண்டு குமிழ், ஆடுகிற ஒரு முள். அவ்வளவுதான் என் மெஷின். அதில் இரண்டு விதமான கரண்ட் வரும். நரம்பு உயிரோடு இருந்தால் ஃபாரடிக் போதும், படபடவென்று சின்னத் துடிப்பு, தசை உடனே குதிக்கும். நரம்பு செத்துப்போயிருந்தால் ஃபாரடிக்கை எவ்வளவு கூட்டினாலும் தசை சும்மா கிடக்கும். அதற்குக் கால்வானிக் வேண்டும். நின்று நிதானமாக விழும் அடி அது. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுப் பேடு ஒன்றைத் தோலின் மேல் கட்டி, குமிழைத் திருகினால் செத்த நரம்பைத் தாண்டிப் போய்த் தசையையே நேராகத் தொடும். நரம்பு மறுபடி முளைத்து வருகிறவரை தசை இற்றுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

ஆனால் கால்வானிக் தோலைப் பொசுக்கும். எரிச்சல் தெரிந்தவர் "ஐயோ"ன்னு கத்திவிடுவார், நாம் குமிழைக் குறைத்துவிடுவோம். எரிச்சல் தெரியாதவர்தான் ஆபத்து. அதனால் பேடு கட்டும் முன் ஒரு சோதனை உண்டு. இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர். ஆளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மாற்றி மாற்றிக் காலில் வைத்து, "சூடா, குளிரா?" என்று கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டையில் 'உணர்ச்சி உண்டு' என்று எழுதலாம். சொல்லத் தெரியாவிட்டால் கால்வானிக் பக்கமே போகக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்தால் இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்யச் சொல்லித்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சர்க்கரை, கால் நரம்பை நுனியிலிருந்து சத்தமில்லாமல் தின்றுகொண்டு வரும்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது.

அவர் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். நிலத்துக்காரர் மெட்ராஸில் இருந்தார். அவர் சார்பில் எல்லாம் பார்த்துக்கொண்டவர் காரியக்காரர் என்று நாங்கள் சொல்லும் அவருடைய ஆள். அந்தத் தை மாத அறுவடையில் நெல்லை எந்தக் களத்தில் அடிப்பது என்பதில் தகராறு. பண்ணைக் களத்துக்குத்தான் கட்டுகள் வர வேண்டும் என்றார் காரியக்காரர். எங்கள் களத்தில்தான் அடிப்போம் என்றார்கள் அப்பாவும் இன்னும் ஆறு குத்தகைக்காரர்களும். போலீஸ் வந்தது. ஏழு பேரையும் கூட்டிப்போய் ஸ்டேஷன் வாசலில் காலையிலிருந்து சாயங்காலம்வரை குந்தவைத்தார்கள். அடிக்கவில்லை, உதைக்கவில்லை. சும்மா குந்தியிருக்கச் சொன்னார்கள்.

மற்ற ஆறு பேரும் காலை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவால் மட்டும் இடது காலின் முன்பாதத்தைத் தூக்க முடியவில்லை. முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. நாள் முழுக்கக் குந்தினால் அது நசுங்கும். நல்ல நரம்பாக இருந்தால் தாங்கியிருக்கும். சர்க்கரை ஏற்கெனவே தின்று வைத்திருந்த நரம்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து அவர் நடந்தால் பாதம் தொங்கும். அது தரையில் இடறாமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைப்பார், தரையில் விழுந்தால் பட்டென்று சத்தம் கேட்கும். அவர் தெருமுனையில் வரும்போதே எனக்கு வீட்டுக்குள் கேட்கும். இன்றும் சில நேரம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இருப்பதில்லை, இருக்கவும் முடியாது.

சித்திரை மாதம் நிலத்துக்காரர் மனு தாக்கல் செய்தார். கழக ஆட்சியில் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த சமயம். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் எளிதில் யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் பெயர் ஏற வேண்டுமென்றால், குத்தகைக்காரரோ அவர் வீட்டு ஆட்களோ தங்கள் உடம்பால் உழைத்துச் சாகுபடி செய்ய வேண்டும். எங்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். மனுவில் இருந்ததும் அதுதான். 'இவர் கால் விளங்காதவர், உணர்ச்சியற்றவர், ஆள் வைத்துச் செய்கிறார், ஆகவே இவர் சாகுபடிதாரர் அல்ல.' அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். நான் ஒரே பிள்ளை, ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறேன். வீட்டில் வயலில் இறங்கும் உடம்பு என்று இருந்தது அவருடையது ஒன்றுதான்.

"என்னாப்பா பண்றது?" என்று கேட்டேன்.

"நீதான் கரண்ட் வெக்கிறவளாச்சே. வையி" என்றார்.

"போனாப் போகுது, விட்டுருங்கப்பா. என் சம்பளம் வருதுல்ல."

"நெலத்த விட்டுட்டு? உன் வீட்டு வாசல்ல உக்காந்து காக்கா ஓட்டவா? போ ஆயி, வேற வேலயப் பாரு." என்னை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

பதிவு அதிகாரி ஆனி மாதம் வயலுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். கூடவே ஆஸ்பத்திரிச் சான்றும் கேட்டார். சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் டாக்டர். அவர் சோதித்துப் பார்ப்பவர் இல்லை, என் அட்டையைப் பார்த்து எழுதுகிறவர்.

ஒரு திங்கட்கிழமை அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்தேன். முதலில் ஃபாரடிக் வைத்தேன். தசை அசையவே இல்லை. குழாய்களை எடுத்தேன். "கண்ண மூடிக்குங்கப்பா" என்றேன். மூடிக்கொண்டார். நல்ல பிள்ளையாக இறுக்கமாகத்தான் மூடினார். ஃபிளாஸ்க்கின் தக்கையைத் திருகி எடுத்தேன். பொக்கென்று சத்தம் வந்தது. குழாயில் ஊற்றி, துண்டால் துடைத்து, காலுக்குக் கொண்டுபோனேன்.

"சூடு" என்றார்.

குழாய் இன்னும் அவர் காலைத் தொடவில்லை. ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

என் கை அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை, பள்ளிக்கூடத்தில் சரியாகப் பதில் சொன்ன பையனின் முகம். பானைத் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். பானை மூடி தகரம், அதுவும் சத்தம் போட்டது. "குளிரு" என்றார். இப்படியே ஆறு தடவை. ஆறும் சரி. சத்தமே வராமல் சோதிக்க எனக்குத் தெரியாதா? இரண்டையும் வெளியே நிரப்பிக் கொண்டுவந்திருந்தால் போதும். ஏழாவது தடவை அப்படிச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அட்டையை எடுத்து 'இரு கால்களிலும் உணர்ச்சி உண்டு' என்று எழுதினேன். கையெழுத்து நடுங்கக்கூட இல்லை.

"நீ சோதிச்சியா?" என்று டாக்டர் கேட்டார்.

"சோதிச்சேன் டாக்டர்."

சான்று கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வரி சான்றோடு நிற்கவில்லை. உணர்ச்சி உண்டு என்று எழுதிவிட்டால் கால்வானிக்கும் வைக்கலாம் என்றாகிவிடுகிறது. "கொஞ்சம் ஸ்ட்ராங்காவே குடு" என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதிகாரி வருவதற்குள் பாதம் தானாக ஒரு விரற்கடை தூக்கினால்கூடப் போதும் என்று ஒரு வெறி.

தினமும் அரை மணி நேரம். நான் திருகினால் பாதம் மேலே போகும், விட்டால் விழும். அப்பா தலையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் சிரித்தார். "அட இவனே! உன் பேச்சக் கேக்குறான், என் பேச்சக் கேக்க மாட்டேங்குறான்" என்றார். நாலாவது நாள் சிரிப்பு இல்லை. "யாரோட காலையோ கொண்டாந்து ஒட்டவெச்ச மாரி இருக்கு ஆயி" என்றார். நான் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எதிரில் அவர், நடுவில் அவருடையது அல்லாத ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது என்று இப்போது சொல்லலாம், அப்போது சொல்லவில்லை.

"எரியுதாப்பா?"

"லேசா சுருசுருங்குது. கூட்டு, கூட்டு."

கூட்டினேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பேடை அவிழ்த்தபோது, கணுக்காலுக்குச் சற்று மேலே முன்பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம். எட்டணா அளவு இருக்கும். விரலால் அழுத்தினேன். தோல் செத்திருந்தது. பேடின் ஒரு மூலை காய்ந்து கரண்ட் அங்கேயே குவிந்திருக்க வேண்டும். உணர்ச்சி உள்ளவராக இருந்தால் கட்டிலைவிட்டு எழுந்து குதித்திருப்பார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வந்தது என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊதா மருந்து போட்டுத் துணி சுற்றினேன். டாக்டரிடம் சொன்னால் முதல் கேள்வி, "உணர்ச்சி உண்டுன்னியே?" என்பதாகத்தான் இருக்கும். சான்று அதோடு போச்சு. நான் சொல்லவில்லை. "அப்பா, இது சேத்துல படக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். சேற்றில் இறங்குவதற்காகத்தான் இத்தனையும் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். சொல்லியாச்சு என்று மனசுக்கு ஒரு ஆறுதல். தூ.

அப்பாவுடைய யோசனை நல்ல யோசனைதான். வரப்பில் நடந்தால் தொங்குகிற பாதம் தெரிந்துவிடும். உழுது தண்ணீர் கட்டிய சேற்றில் எல்லாரும் முழங்காலைத் தூக்கித்தான் கால் வைப்பார்கள், பாதம் யார் கண்ணுக்கும் தெரியாது. கால் விளங்காதவனும் கால் விளங்குகிறவனும் அங்கே ஒரே நடைதான் நடப்பார்கள். அதனால் அதிகாரி வரும்போது அவர் ஏற்கெனவே சேற்றில் நிற்க வேண்டும். அதிகாரி போன பிறகுதான் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லி அவருக்காக வாங்கியிருந்த ரப்பர் செருப்பை வரப்பில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். வயலில் செருப்போடு இறங்குகிறவன் எங்கள் பக்கம் பிறந்திருக்க மாட்டான். அப்புறம் குனிந்து நான் கட்டிய துணியையும் அவிழ்த்தார்.

"ஏம்ப்பா அவுக்குறீங்க?"

"கால் தூக்கறப்ப வெள்ளையாத் தெரியும். காரியக்காரன் சும்மா விடுவானா?"

காலை ஏழு மணிக்கு இறங்கினார். அதிகாரி வருவதாகச் சொன்னது பத்து மணி. பத்து போய், பன்னிரண்டு போனது. நான் கஞ்சி கொண்டுபோய் வரப்பிலிருந்து நீட்டினேன், நின்றுகொண்டே குடித்தார். ஏறி உட்காருங்கப்பா என்று கெஞ்சினேன். "அந்தா, காரியக்காரன் ஆலமரத்தடியில உக்காந்து என்னயவே பாத்துக்கிட்டிருக்கான். நான் ஏறுறதுக்குத்தான் காத்திருக்கான்" என்றார். உண்மைதான். அந்த ஆளும் காலையிலிருந்து நகரவில்லை.

மூன்று மணிக்குமேல் ஜீப் வந்தது. அப்பா மாட்டை அதட்டி மூன்று சுற்று ஓட்டினார். கலப்பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனார். பார்த்தவர் யாரும் குறை சொல்ல முடியாது. அப்போது காரியக்காரர் சொன்னார்: "ஐயா, அவர வரப்புல ஏறி ரெண்டு எட்டு நடக்கச் சொல்லுங்க."

நான் அப்பாவின் காலைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தேன்.

அப்பா மாட்டை நிறுத்தவில்லை. "பூட்டுன மாட்ட நடுவுல விட்டுட்டு ஏறக் கூடாதுங்கய்யா. ஏதாச்சும் கேக்கணும்னா நீங்க எறங்கி வாங்க. சேறு நல்லாத்தான் இருக்கு" என்றார். வரப்பில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி தன் பூட்ஸைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போதும்ப்பா, பாத்தாச்சு" என்று எழுதிக்கொண்டார். ஜீப் கிளம்பி, காரியக்காரரும் துண்டை உதறிக்கொண்டு போன பிறகு, நானும் இன்னொருவரும் கைகொடுத்து அப்பாவை மேலே இழுத்தோம். வாய்க்கால் தண்ணீரில் காலைக் கழுவினேன். வெள்ளை வட்டம் இருந்த இடத்தில் தோல் இல்லை. உள்ளே சேறு அப்பியிருந்தது. எட்டு மணி நேரம்.

"ஜெயிச்சாச்சு ஆயி" என்றார். வலி என்று ஒரு வார்த்தை இல்லை. வலித்தால்தானே?

பதிவேட்டில் பெயர் ஏறியது. அதற்குள் காயம் பாதம்வரை இறங்கி, விரல்கள் கறுத்து, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். 'உணர்ச்சி உண்டு' என்ற என் அட்டையும் கேஸ் கட்டோடு போயிருந்தது. அங்கிருந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு ஆகுறவரைக்கும் வலின்னு சொல்லலையா இவரு? என்ன மனுஷன்!" என்று ஆச்சரியப்பட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஆரம்பித்தது. இல்லாத கால் வலித்தது. "கட்டவெரலு மடங்கிக்கிட்டிருக்கு ஆயி, நிமித்தி விடு" என்பார். அங்கே வெறும் போர்வை. "பாதத்துல சேறு ஊறுது, கழுவி விடு" என்பார். இருந்தபோது தீயை வைத்தாலும் தெரியாத கால், போன பிறகு ஒவ்வொரு விரலாக உயிரோடு வந்தது. வெட்டிய நரம்பு இல்லாத இடத்துக்குச் சேதி அனுப்பும் என்று படித்திருக்கிறேன். படித்தது ஒரு மயிருக்கும் உதவவில்லை. அவர் சொன்ன இடத்தில் வெறும் பாயைத் தடவிக் கொடுத்தேன். தடவினால் கொஞ்சம் அடங்குகிறது என்றார்.

ஒரு மத்தியானம் அப்படித் தடவிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"அன்னைக்கு ரெண்டு குழாயும் எனக்கு ஒண்ணுதான் ஆயி. ஃபிளாஸ்க் சத்தத்த வெச்சுத்தான் சொன்னேன். உன்னய ஏமாத்திட்டேன். மனசுல வெச்சுக்காத."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஏமாந்த மகளாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படித்தான் ஆசைப்பட்டார், அது எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியும்ப்பா. தொடறதுக்கு முன்னாடியே சொன்னீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். 'தெரிஞ்சுக்கிட்டேவா அந்தக் கரண்ட வெச்ச?' என்று ஒரு அறை விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அப்ப சரி" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் இருந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தக் காலைத் தடவிவிடச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. வலித்தது. பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கும்.

நிலம் கடைசிவரை அவர் பெயரில்தான் இருந்தது.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. எனக்கும் சர்க்கரைதான். பாதம் இரண்டும் மரத்துக் கிடக்கின்றன. போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். மெஷின் இப்போது கையடக்கமாகிவிட்டது, முள் இல்லை, எண் ஒளிர்கிறது. ஆனால் இரண்டு கண்ணாடிக் குழாய் மட்டும் அதேதான். பேத்தி வயதில் ஒரு பெண், "கண்ண மூடிக்கங்க பாட்டி" என்றாள். மூடினேன். பின்னால் கெட்டிலின் மூடி டக்கென்று திறந்தது.

"சூடு" என்றேன்.

என் பெயரில் நிலம் இல்லை. மனு இல்லை. ஆலமரத்தடியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்தேன். குழாய் அவள் கையில், என் காலுக்கு ஒரு விரல் தூரத்தில். அவள் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "கரெக்ட் பாட்டி" என்று பேனாவை எடுத்தாள்.

"எழுதாதம்மா" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எவ்வளவு அழுத்திப் பிடித்தேனோ, அந்தப் பெண் பயந்துவிட்டாள். "எழுதாத. எனக்குத் தெரியல. ஒண்ணுமே தெரியல."